பின்வளவில் தவம்

டிசம்பர் 4, திங்கள்

நோ: பத்துக்கு ஏழு. நடை: கட்டிலிலிருந்து கக்கூஸ் வரை, பிறகு கட்டில் வரை.

இப்படித்தான் எழுத வேண்டுமாம். இடுப்பெலும்புக்குத் தகடு வைத்துத் தைத்து நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். பயிற்சி செய்விக்க வீட்டுக்கு வரும் மெலிசா என்ற பெண், தினமும் இடுப்பு நோவையும் நடையையும் குறித்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனாள். வருத்தத்தைக் குறித்து வைக்கும் ஆள் இல்லை நான். ஆனால் படுத்துக் கிடக்கிறவனுக்கு வேறு என்ன வேலை?

மாடிப்படி எனக்கு ஏலாது என்று தவம் கட்டிலைக் கீழே இறக்கிப் பின்னறை யன்னலோடு போட்டிருக்கிறாள். தவமலர், என் மனைவி. கட்டிலை எப்படித் தனியாக இறக்கினாள் என்று கேட்டேன். “இறக்கினன்” என்றாள்.

யன்னலால் பின்வளவு முழுவதும் தெரிகிறது. புல், மேப்பிள் மரங்கள், அங்கால் பக்கத்து வீட்டு டொரீன் கிழவியின் குதிரை லாயம். இந்த வளவுக்காகத்தான் ஸ்காபரோ வீட்டை விட்டு, இரண்டு மணித்தியாலக் கார் ஓட்டம் தள்ளி, வசந்தத்தில் இங்கே வந்தோம். வந்தோம் என்ன, நான் வந்தேன். அவள் கூட வந்தாள்.

ஏணி சறுக்கிவிட்டது. மழைத்தண்ணீர் ஓடும் கூரைப் பீலிக்குள் கிடந்த இலைகளை எடுக்க ஏறினேன். அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

டிசம்பர் 6

நோ: ஏழு.

சரியான குளிர். ஆனால் பனி விழவில்லை. நிலம் வெறும் மண்ணிறமாகக் கிடக்கிறது.

காலையில் தவம் கக்கூஸ் வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இஞ்சேருங்கோ, தண்ணி இறங்கேக்கை குளுக் குளுக் எண்டு ஒரு சத்தம் கேக்குது.”

“பழைய வீடு. அப்பிடித்தான் கேக்கும்.”

“போன மாதம் கேக்கேல்லையே.”

“உமக்கு எல்லாத்துக்கும் பயம், தவம்.”

அவள் இன்னொரு முறை காது கொடுத்தாள். பிறகு, “ஸ்காபரோவிலை எண்டால் எல்லாம் நகரத்துக் குழாயிலை போயிடும். இஞ்சை எங்கடை வளவுக்குள்ளையெல்லே கிடக்குது. நிண்டுபோனால் எங்கை போறது?” என்றாள்.

அது உண்மைதான். இங்கே வீட்டுக் கழிவெல்லாம் ஒரு குழாய் வழியாகப் பின்வளவில் புதைத்திருக்கும் தொட்டிக்குப் போகிறது. கட்டி அடியில் தங்கும், தண்ணீர் அங்கிருந்து நிலத்துக்குள் ஊறும். செப்ரிக் என்கிறார்கள். ஊரில் கக்கூஸ் குழி என்போமே, அதற்குப் படித்த தம்பி.

“தொட்டி எந்த இடத்திலை இருக்கு?” என்று கேட்டாள். மேப்பிளுக்குக் கீழே என்றேன். வீடு விற்றவர் அந்தப் பக்கம் கையைக் காட்டினார் என்றுதான் ஞாபகம்.

டிசம்பர் 8

நோ: ஆறு. மெலிசாவுக்குச் சந்தோசம்.

டொரீன் சூப் கொண்டுவந்தாள். எழுபத்தைந்து வயதிருக்கும், குதிரைகளை இன்னும் தானே கழுவுகிறாள். தவம் அவளைக் குசினியில் இருத்தி வைத்துக் கேள்விமேல் கேள்வி கேட்டாள். பேக்கரித் தொழிற்சாலையில் இருபது வருடம் வேலை செய்து பழகிய இங்கிலீசு. இலக்கணம் இருக்காது, ஆனால் பதில் வாங்காமல் விடாது.

டொரீன் போன பிறகு எனக்கு வந்து சொன்னாள். பனி விழுந்தால் பயமில்லையாம். பனி நிலத்துக்குப் போர்வை. பனியில்லாத குளிர்தான் மோசமாம். மண் ஆழம் வரை உறைந்து குழாயும் உறைந்துவிடுமாம். அதனால் தொட்டிக்கும் குழாய்க்கும் மேலே வைக்கோல் போட்டு மூட வேண்டுமாம்.

“போடுறதெண்டால் இடம் தெரியவேணும்” என்றாள்.

“மேப்பிளுக்குக் கீழை எண்டு சொன்னனே.”

“அங்கை அலவாங்குக் கம்பியாலை குத்திப் பாத்திட்டன். வேர்தான்.”

எப்போது போய்க் குத்தினாள் என்று தெரியவில்லை. நித்திரை கொண்டுவிட்டேன் போலிருக்கிறது.

டிசம்பர் 10, ஞாயிறு

இன்று காலை வெளியே வெள்ளை. பனி இல்லை, உறைபனி. புல்லின் ஒவ்வொரு தாளிலும் உப்புத் தூவியது போல. விடிந்ததிலிருந்து யன்னலால் பார்த்துக்கொண்டே கிடந்தேன். என்ன வடிவு என்று நினைத்தேன்.

தவம் தேத்தண்ணியைக் கொண்டுவந்தவள் யன்னலால் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். கோப்பையை என் கையில் தந்தாள். நைற்றிக்கு மேலே என்னுடைய பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு பின்கதவால் ஓடினாள்.

வளவின் நடுவில், மேப்பிளுக்குக் கிட்டவும் இல்லாத ஓரிடத்தில், ஒரு நீளச் சதுரம் வெள்ளையாக இல்லை. புல் ஈரமாக, கறுப்பாகத் தெரிந்தது. அங்கிருந்து வீட்டுச் சுவர் வரை ஒரு கறுத்த கோடு. கீழே தொட்டியின் சூடு. அந்தச் சூட்டுக்கு மேலே உறைபனி நிற்கவில்லை.

அவள் அந்தச் சதுரத்தின் நான்கு மூலைக்கும் நான்கு விறகுக் கட்டையை வைத்துவிட்டு, யன்னலைப் பார்த்துக் கையை அசைத்தாள். கோட்டுக் கை நீளம் என்பதால் விரல் தெரியவில்லை.

அவளுக்கு முன்பே அதே வெள்ளையை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

டிசம்பர் 11

டொரீன் உழவு இயந்திரத்தில் வைக்கோல் கட்டுகளைக் கொண்டுவந்து வேலியோரம் இறக்கிவிட்டுப் போனாள். அங்கிருந்து தொட்டி வரை தவம்தான் இழுத்தாள். கட்டின் கயிற்றைப் பிடித்துப் பின்பக்கமாக நடந்து நடந்து.

நான் யன்னலைத் தட்டி, “முதலிலை ஆக்களைக் கூப்பிட்டுத் தொட்டியை வெறுமையாக்குவம். பிறகு மூடும்” என்று கத்தினேன்.

உள்ளே வந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

“வெறுந்தொட்டிதானாம் கெதியா உறையும். உள்ளுக்கை கிடக்கிறதுதான் தன்னைத் தானே சூடாக்கி வைச்சிருக்குமாம். வசந்தம் வந்தாப் பிறகுதான் எடுக்கவேணும்.”

“ஆர் சொன்னது?”

“டொரீன் சொன்னவ. நானும் யோசிச்சுப் பாத்தன். சோத்துப் பானையைப் போலைதானே. சோறு கிடந்தால் பானை கனநேரம் சுடும், வெறும் பானை ஆறிப்போகும்.”

“சோத்தையும் உதையும் ஒண்டாக் கதையாதையும்.”

சிரித்துவிட்டாள். பிறகு திரும்பவும் வெளியே போனாள். இருட்டுவதற்குள் தொட்டியும் குழாய்க் கோடும் மூடியாகிவிட்டது. மேலே எங்கள் பழைய மழைச்சீலையைப் போட்டுக் கட்டைகள் வைத்திருக்கிறாள். பார்த்தால் வளவுக்கு நடுவில் ஒரு பெரிய மிருகம் படுத்துக் கிடப்பது போல இருக்கிறது.

நோவை எழுத மறந்துவிட்டேன். ஆறு என்று வைத்துக்கொள்ளலாம்.

டிசம்பர் 13

பனி விழத் தொடங்கிவிட்டது. பனியைக் கண்டாலே முகத்தைச் சுளிக்கும் தவம் இன்று வாசலில் நின்று சிரித்தாள்.

டிசம்பர் 17

நோ குறைவு. வோக்கரைப் பிடித்துக்கொண்டு குசினி வரை போய்வந்தேன்.

வீட்டில் புதிய சட்டங்கள். உடுப்பு தினமும் ஒரு தடவைக்கு மேல் தோய்ப்பதில்லை. எல்லாத் தண்ணீரையும் ஒரே நாளில் தொட்டிக்குள் கொட்டினால் அதற்கு மூச்சு முட்டுமாம். ஒரு நாளும் தண்ணீர் போகாமலும் இருக்கக் கூடாது, சூடு போய்விடுமாம். குளிப்பது சுடுதண்ணீரில், காலையில். கறிச்சட்டி எண்ணெயைக் கடதாசியால் துடைத்துத் தகரப் பேணிக்குள் போட வேண்டும். வழிகிற பைப்புக்கு ரப்பர் மாற்றிவிட்டாள். ரப்பர் எங்கே வாங்கினீர், எப்படிப் போட்டீர் என்று கேட்டால் பதில் ஒரே சொல்தான். “போட்டன்.”

தொட்டியைப் பற்றிக் கதைக்கும்போது அவளுக்கு ஒரு குரல் வருகிறது. மதுரா குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் வந்தால் வரும் குரல் அது.

கேத்தலை இடக்கையால் தூக்குகிறாள். அவள் இடக்கைக்காரி அல்ல. ஏன் என்று தெரியவில்லை.

டிசம்பர் 26

மகள் மதுராவும் மருமகன் ரிஷாந்தனும் பிள்ளைகளும் மூன்று நாள் நின்றுவிட்டு இன்று மதியம் போனார்கள்.

வீடு கலகலப்பாக இருந்தது. தவம் பிள்ளைகளுக்கும் தொட்டியின் சட்டங்களைச் சொல்லிக் கொடுத்தாள். சின்னவள் கக்கூஸிலிருந்து, “அம்மம்மா, கடதாசி கொஞ்சம்தான் போட்டனான்!” என்று கூப்பிட்டுச் சொன்னாள்.

நேற்று ரிஷாந்தன் ஒரு நல்ல காரியம் செய்தான். நான் வெளியே காற்று வாங்க வேண்டும் என்று ஆசைப்பட்டதைக் கேட்டு, பின்கதவிலிருந்து வளவின் நடு வரை பனி தள்ளும் மெசினால் வழி வெட்டி, கால் வழுக்காமல் மிதித்தும் விட்டான். வழியில் கிடந்த வைக்கோலையும் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டான். “மாமா, இனி நீங்கள் வோக்கரோடை போய் வரலாம்” என்றான். நானும் கண் கலங்கப் பாராட்டினேன்.

தவம் குசினியிலிருந்து வந்து பார்த்தாள். அந்த வழி குழாய்க்கு நேர் மேலே போகிறது. அவள் முகம் ஒரு கணம் மாறியது. பிறகு, “தம்பி, சரியான களைப்பா இருக்கும், வந்து சாப்பிடுங்கோ” என்றாள். அவ்வளவுதான்.

இன்று அவர்களின் கார் வளைவில் மறைந்ததும் பனி அள்ளும் சவளையும் பெரிய பேசினையும் எடுத்துக்கொண்டு போனாள். வைக்கோலை இழுத்துப் போட்டு, ஒதுக்கிய பனியை அள்ளி அள்ளி அதற்கு மேல் கொட்டினாள். பனியை அள்ளி எறிகிறவர்களை முப்பது வருடமாகப் பார்த்திருக்கிறேன். பனியைத் திரும்பக் கொண்டுவந்து போடுகிற ஒருத்தியை இன்றுதான் பார்த்தேன்.

போகும் முன் மதுரா என்னிடம் சொன்னாள்: “அப்பா, அம்மா தனிய எவ்வளவைச் செய்யிறது? எங்கடை பேஸ்மென்ற் சும்மாதானே கிடக்கு. வீட்டை வித்துப்போட்டு வாங்கோ.”

தவம் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்தது. வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஜனவரி 12

தவம் பயந்தது நடந்துவிட்டது.

நான்கு நாளாக மூச்சு விட்டால் மீசை உறையும் குளிர். இன்று காலை நிலவறையில் தரைத் துளையால் தண்ணீர் மேலே வந்தது. என்ன தண்ணீர் என்று எழுதத் தேவையில்லை. குழாய் உறைந்துவிட்டது. தவம் உடனே வீட்டுத் தண்ணீர் எல்லாவற்றையும் நிறுத்தினாள். கக்கூஸ் இல்லை, குளிப்பு இல்லை, கோப்பை கழுவவும் இல்லை.

குழாயை நீராவியால் திறக்கும் வேய்ன் என்பவரைக் கூப்பிட்டோம். புயல் வருகிறது, றோட்டு மூடப்போகிறார்கள், திறந்த உடனே வருகிறேன் என்றார். மதுராவிடம் போகலாம் என்றால் அதே றோட்டுத்தான்.

தவம் நிலவறையைக் கழுவித் துடைத்துவிட்டு மேலே வந்தாள். ஒரு வாளிக்கு மேல் கக்கூஸ் இருக்கையைப் பொருத்தி, உள்ளே பை விரித்து, என் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒவ்வொரு தடவையும் மேலே தூவ, டொரீனின் லாயத்திலிருந்து ஒரு சாக்கு மரத்தூள்.

அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஜனவரி 13

இன்று பசிக்கவில்லை என்று காலையும் மதியமும் சாப்பிடவில்லை. தேத்தண்ணியும் வேண்டாம் என்றேன்.

பின்னேரம் தவம் ஒரு கிண்ணத்தில் கஞ்சி கொண்டுவந்து கட்டிலில் இருந்தாள். வெளியே புயல். யன்னலால் டொரீனின் லாயம் கூடத் தெரியவில்லை.

“குடியுங்கோ.”

“பசிக்கேல்லை.”

“உங்களுக்குப் பசிக்குது. வாளிக்குப் பயந்துதான் சாப்பிடாமல் கிடக்கிறியள்.”

நான் சுவரைப் பார்த்தேன்.

“என்னைப் பாருங்கோ. நான் இதைவிடப் பெரிசெல்லாம் பாத்தனான்” என்று தொடங்கினாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுத முயல்கிறேன்.

யுத்தத்துக்குப் பயந்து ஊரெல்லாம் இடம்பெயர்ந்த மழைக்காலம் அது. அவளுக்கு இருபத்துமூன்று வயது. தாய் தகப்பனோடு தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தார்களாம். வகுப்பறைக்குப் பத்துக் குடும்பம். முழுப் பள்ளிக்கூடத்துக்கும் இரண்டே கக்கூஸ். இரண்டாம் நாளே நிறைந்துவிட்டது. ஆண்கள் எங்கேயாவது போய்விடுவார்கள். பெண்கள் இருட்டும் வரை அடக்கிக்கொண்டு இருக்க வேண்டும்.

“பொம்பிளையள் சாப்பிடாமல் விட்டிட்டினம். இப்ப நீங்கள் செய்யிற மாதிரித்தான். பிள்ளைக்குப் பால் குடுக்கிறவளும் தண்ணி குடிக்கமாட்டாள். அதைப் பாக்க எனக்கு ஏலாமல் போச்சு. நானும் இன்னும் நாலைஞ்சு பெட்டையளும் பக்கத்து வீட்டிலை மண்வெட்டியும் அலவாங்கும் வாங்கி, பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலை குழி வெட்டத் தொடங்கினம். மழை. வெட்ட வெட்டச் சேறு சரியும். மேட்டுப் பக்கமாப் பாத்துத் திரும்ப வெட்டினம். பலகை போட்டு, சுத்திவர ஓலை கட்டினம்.”

“ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லையோ?”

“ஒரு வாத்தியார் வந்து, இது பொம்பிளைப் பிள்ளையள் செய்யிற வேலையோ எண்டு கத்தினார். அப்ப நீங்கள் வெட்டுங்கோ சேர் எண்டு மண்வெட்டியை நீட்டினன். போயிட்டார். அடுத்தநாள் காலமை வரிசையிலை முதல் ஆளா நிண்டது அவரின்ரை மனிசி.”

நான் சிரித்தேன். இடுப்பு நொந்தது. திரும்பவும் சிரித்தேன்.

“இவ்வளவு நாளும் ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“கக்கூஸ் கதையை ஆர் கேக்கிறவை?”

எனக்குத் தெரிந்த தவம், ஒரு சூட்கேசோடு விமான நிலையத்தில் வந்து இறங்கி, குளிருக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவள். அதற்கு முந்திய தவத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சாதகக் குறிப்பில் இருந்ததுதான்.

கஞ்சியைக் குடித்தேன். இன்னும் கொஞ்சம் தா என்று கேட்டேன். ‘தா’ என்று என் வாயில் எப்படி வந்தது என்று தெரியவில்லை. நான் அவளை எப்போதும் ‘நீர்’ என்றுதான் சொல்வேன். அவள் கவனிக்காதது போல எழுந்து போனாள்.

ஜனவரி 15

பொங்கல். அரிசி கழுவிய தண்ணீரைத் தவம் பின்கதவால் பனியில் ஊற்றினாள். புயல் நின்று சூரியனும் வந்தது. கண்ணைத் திறக்க ஏலாத வெளிச்சம். வாளியை வெளியே கொண்டுபோய் வைத்து, சுடுதண்ணீரில் கை முழங்கை வரை கழுவி, சேலை மாற்றி, குசினி யன்னலுக்கு நேரே வைத்துப் பொங்கினாள். பால் பொங்கும்போது, “நாளைக்குக் குழாய் திறக்கவேணும், சூரியபகவானே” என்று சத்தமாகச் சொன்னாள்.

சாப்பிட்டேன். இரண்டு தரம்.

ஜனவரி 16

வேய்ன் வந்தார். கதவளவு அகலமான ஆள். நீராவிக் குழாயை வீட்டுப் பக்கமிருந்து உள்ளே விட்டார். தவம் அவருக்குப் பின்னாலேயே நின்றாள். நானும் வோக்கரோடு பின்கதவு வரை போய்க் கண்ணாடியால் பார்த்தேன். ஐஸ் உடைந்து தண்ணீர் ஓடிய சத்தம் எனக்கும் கேட்டது. தவம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு வேய்ன் வைக்கோலை விலக்கித் தொட்டி மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளேயிருந்து ஆவி வந்தது. இந்தக் கிழமை தான் பார்த்த தொட்டிகளில் பாதி உறைந்து கிடந்தன என்றும், இது கோடைகாலம் போல இருக்கிறது என்றும் சொன்னார். “யார் மூடியது?” என்று கேட்டார். தவம் தன்னைத் தானே விரலால் காட்டினாள், வகுப்பில் பிடிபட்ட பிள்ளை போல. அவர் தொப்பியைக் கழற்றினார். பகிடிக்குக் கழற்றினாரா தெரியாது. கழற்றினார்.

குழாய் உறைந்ததற்கு வழி வெட்டியது ஒரு காரணம். ஆனால் அது மட்டுமல்ல என்றார் வேய்ன். ஐஸ் மெல்லிய மெல்லிய படையாகக் கட்டியிருந்ததாம். எங்கோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. நிறையத் தண்ணீர் ஒரேயடியாகப் போனால் உறைய நேரமில்லை, சொட்டுத்தான் போகும் வழியிலேயே உறைந்து நின்றுவிடும்.

“எல்லாப் பைப்பும் காஞ்சுபோய் இருக்கு” என்றாள் தவம்.

அவர் போன பிறகு நிலவறைக்குப் போனவள் நெடுநேரம் வரவில்லை. கூப்பிட்டேன், பதில் இல்லை. படியில் இறங்கப் பார்த்தேன், காலை வைக்க ஏலவில்லை. அங்கேயே நின்று திரும்பவும் கூப்பிட்டேன்.

“கத்தாதேங்கோ, கேட்டுக்கொண்டு நிக்கிறன்!” என்று கீழேயிருந்து குரல்.

வீட்டைச் சூடாக்கும் மெசினின் அடியில் பென்சில் தடிப்பில் ஒரு வெள்ளைக் குழாய். மெசின் ஓடும்போதெல்லாம் அதன் வழியே கொஞ்சம் தண்ணீர் கசிந்து கழிவுக் குழாயில் விழுகிறது. குளிர் கூடக் கூட மெசின் ஓயாமல் ஓடும், தண்ணீரும் ஓயாமல் கசியும். விளக்கை அணைத்துவிட்டு, ஒவ்வொரு குழாயாகக் காதை வைத்துக் கேட்டுக் கண்டுபிடித்திருக்கிறாள்.

அந்தக் குழாயைக் கழற்றி ஒரு வாளிக்குள் விட்டிருக்கிறாள். காலையும் மாலையும் வாளியைத் தூக்கி, சுடுதண்ணீரோடு சேர்த்து ஒரேயடியாக ஊற்றப் போகிறாளாம். பனி முடியும் வரை.

நோ எத்தனை என்று கேட்டால் தெரியாது. பார்க்கவில்லை.

ஜனவரி 28

இன்று தவம் குளித்துவிட்டுத் தலை இழுக்கும்போது அறைக் கதவு திறந்திருந்தது. வலக்கை தோளுக்கு மேல் போகவில்லை. இடக்கையால் சீப்பைப் பிடித்துத் தலையைச் சரித்துச் சரித்து இழுத்தாள். என்னைக் கண்டதும் கதவைச் சாத்தினாள்.

வைக்கோல், பனி, வாளி. என்னைத் தூக்கி நிமிர்த்தியதும் அந்தத் தோள்தான்.

அவள் பின்வளவுக்குப் போன நேரம் மதுராவுக்கு ரெலிபோன் எடுத்தேன். வசந்தம் வந்ததும் வீட்டை விற்றுவிட்டு வருகிறோம் என்றேன். மதுரா அழுதாள், சந்தோசத்தில். அம்மாவிடம் நான் சொல்லும் வரை சொல்லாதே என்றேன்.

யன்னலால் பார்த்தால் தவம் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று பனியின் உயரத்தைத் தடியால் அளக்கிறாள். இனி இந்தக் கஷ்டம் அவளுக்கு வேண்டாம்.

எனக்கு இந்த வளவு பிடிக்கும். அது வேறு விசயம்.

பெப்ரவரி 11

கைத்தடியோடு நடக்கிறேன். மெலிசா கைதட்டினாள்.

கோப்பை கழுவும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். முதல் நாள் தவம் பின்னால் வந்து நின்று, “எண்ணெயைத் துடைச்சனீங்களோ?” என்று கேட்டாள். துடைத்தேன். “அடியிலையும்?” அடியிலும் துடைத்தேன்.

நிலவறை வாளியையும் தூக்கக் கேட்டேன். “படி இறங்கப் பழகினாப் பிறகு பாப்பம்” என்றாள். மெலிசாவிடம் சொல்லிப் படிப் பயிற்சி தொடங்கியிருக்கிறேன்.

இரவில் அவள் தோளுக்கு நான்தான் எண்ணெய் பூசுகிறேன். முதலில் வேண்டாம் என்றாள். இப்போது போத்தலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பி இருக்கிறாள்.

பெப்ரவரி 20

வாளியைத் தூக்கினேன். கொஞ்சம் சிந்திவிட்டது. அவளுக்குத் தெரியாமல் துடைத்தேன்.

மார்ச் 3

இன்று சொன்னேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, நல்ல வெயில் யன்னலால் விழுந்த நேரம்.

“தவம், மதுராவோடை கதைச்சிட்டன். ஏப்ரலிலை வீட்டை விக்கிறம். நீர் இனிக் கஷ்டப்பட வேண்டாம்.”

அவள் கையில் இருந்த கோப்பையை மேசையில் வைத்தாள்.

“ஆர் கேட்டது?”

“ஒருத்தரும் கேக்கேல்லை. நான்தான் யோசிச்சனான். உம்மடை தோள்…”

“தோள் நோகுது. தோள் நொந்தால் எண்ணெய் பூசுறது. வீட்டையோ விக்கிறது?”

“உமக்கு இஞ்சை வரவே விருப்பம் இல்லைத்தானே.”

“இல்லைத்தான். வரேக்கை இல்லை.” எழுந்து யன்னலடிக்குப் போனாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதைத்தாள். “ஸ்காபரோவிலை அத்தனை வருசம் இருந்தன். அந்த வீட்டுத் தண்ணி எங்கை போனதெண்டு எனக்குத் தெரியாது. வேலைக்குப் போனன், வந்தன், சமைச்சன். இந்த வளவுக்குள்ளை மண்ணுக்குக் கீழை எது எங்கை கிடக்கு, எது எப்ப மூச்சு விடுது எண்டு எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்ச வீடு இது ஒண்டுதான். இதை விட்டுட்டு மகளின்ரை பேஸ்மென்ற்றிலை போய்ச் சும்மா இருக்கச் சொல்லுறியளோ?”

“நான் உமக்காகத்தான்…”

“எனக்காக எண்டால் முதல் என்னைக் கேளுங்கோ.”

தடியை ஊன்றி நானும் யன்னலடிக்குப் போனேன். “சரி. கேக்கிறன். என்ன செய்வம்?” என்றேன்.

அவள் ரெலிபோனை எடுத்தாள். மறுபக்கம் மதுரா.

“பிள்ளை, அப்பா ஏதோ சொன்னவராம். அது இல்லை. உங்கடை பேஸ்மென்ற்றை ஆரும் நல்ல சனத்துக்கு வாடகைக்கு விடு… இல்லையம்மா, சண்டை இல்லை… ஓம், பக்கத்திலைதான் இருக்கிறார்… அவருக்கும் இஞ்சைதான் விருப்பம். சொல்லமாட்டார்.”

நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டேன். வெங்காயம் ஒன்றும் வெட்டவில்லை, இருந்தாலும் கண் எரிந்தது.

மார்ச் 24

பனி உருகுகிறது. வளவெல்லாம் ஈரம். வேலியோரம் ஏதோ பச்சையாகக் கிளம்புகிறது.

தொட்டியை வெறுமையாக்க இன்று லொறி வந்தது. வேய்ன் இல்லை, வேறொருவர். நேரே என்னிடம் வந்து, மூடி எங்கே, குழாய் எந்தப் பக்கம், கடைசியாக எப்போது எடுத்தது என்று கேட்டார். எனக்கும் இப்போது எல்லாம் தெரியும். இருந்தாலும் கைத்தடியைத் தூக்கித் தவத்தைக் காட்டினேன். அவர் என்னை விட்டுவிட்டு அவளிடம் போனார்.

அவள் றப்பர் பூட்சோடு, தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு, நீளப் பிடி போட்ட கவைக்கோலால் வைக்கோலைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கீழ்ப்படை வைக்கோலிலிருந்து இன்னும் ஆவி எழுந்தது. அவருக்கு அவள் கையை நீட்டி நீட்டி விளக்கினாள். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

மாசக்கணக்காக யன்னலால் பார்த்த இடம். பின்கதவைத் திறந்து, தடியை முதலில் வைத்து, படியால் இறங்கினேன். பிடிக்க ஆள் இல்லாமல். ஈர மண்ணில் தடி புதைந்தது, இழுத்து எடுத்தேன். நாலைந்து முறை நின்று மூச்சு வாங்கினேன். அவளுக்குக் கிட்டப் போய்விட்டேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். நான் எதிர்பார்த்தது, ஐயோ ஏன் வந்தனீங்கள், விழப்போறியள் என்று.

“அதிலை நில்லாதேங்கோ” என்றாள். “உங்கடை காலுக்குக் கீழைதான் குழாய் போகுது.”

எங்கே நிற்கட்டும் என்று கேட்டேன். கவைக்கோலால் ஓர் இடத்தைக் காட்டினாள்.

போய் நின்றேன்.